பாவாவின் எஞ்சின்

பாவாவின் உள்ளங்கையில் கிடந்த அந்த எஞ்சின் வால்வைப் பார்த்தபோது, எலி கொறித்த அப்பளம்போல இருக்கிறதே என்று நினைத்தேன். விளிம்பு பாதி கரைந்துபோயிருந்தது. "இரும்பு, பாப்பா. உருகிப்போச்சு," என்றார். திருத்தணியில் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டுக் கொல்லையில், தட்டி அடைத்த கொட்டகைக்குள் நின்றுகொண்டிருந்தோம்.

பாவா என் அக்காவின் கணவர். யுத்த காலத்தில் அரக்கோணம் விமானத் தளத்தில், விமான எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் இன்ஜினியராக இருந்தார். நான் மிஷன் பள்ளியில் டீச்சர். அக்கா வீட்டோடு இருந்தேன். பாவாவுக்கு ஒரே தம்பி. சின்னவர் என்று கூப்பிடுவோம். பட்டாளத்தோடு பர்மாவுக்குப் போனவர் இறந்துவிட்டார் என்று தந்தி மட்டும் வந்தது. யுத்தம் முடிந்த பிறகுதான் அவரோடு இருந்த சிப்பாய் ஒருவர் வீடு தேடி வந்து நடந்ததைச் சொன்னார்.

"அடிபட்டவங்கள எடுத்துகினு போக ஹெலிகாப்டர்னு ஒண்ணு வந்துச்சு சார். நின்ன எடத்துலருந்தே நேரா மேல போவும். ஆனா ஒரு தடவைக்கு ஒருத்தர்தான். உங்க தம்பி அடுத்த ஆளா படுத்துகினு இருந்தாரு. அது திரும்பி வர்றதுக்குள்ள..." பாவா அழவில்லை. "ஏன் ஒருத்தர்?" என்று மட்டும் கேட்டார்.

விடை அவருக்கே தெரியும். அந்தரத்தில் நிற்பதற்கே அந்த எஞ்சின் பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும். அத்தனை பெட்ரோலின் எடையையும் அதுவேதான் சுமக்க வேண்டும். குறைவாகக் குடிக்கிற எஞ்சின் இருந்தால், மிச்சமாகும் எடைக்கு இன்னொரு ஆளை ஏற்றலாம். தளத்தில் ஆட்களைக் குறைத்து அவரையும் அனுப்பிவிட்ட பிறகு, கழித்துப் போட்ட சிறிய எஞ்சின் ஒன்றை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பெட்ரோலைக் குறைத்துக் காற்றைக் கூட்டினார். அந்தக் கலவையும் எரியும்படி எஞ்சினின் தலைப்பகுதியை மாற்றி வடிவமைத்தார். அப்படி எரிந்த சூட்டில் வால்வு உருகுவதும், அதை மாற்றுவதுமாக மாதங்கள் போயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்ததும் ஓடவிட்டார். வழக்கத்தைவிட வெகு குறைவான பெட்ரோலில் அது சீராக ஓடியது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓடுது பாரு, ஓடுது பாரு," என்றார். நாங்கள் யாரும் சாப்பிடக்கூடப் போகவில்லை. பிற்பகலில் சத்தம் மாறியது. திக்கித் திக்கி நின்றுபோனது. பிரித்துப் பார்த்தால் மறுபடியும் அதே உருகல்.

அந்தச் சூட்டைத் தாங்குகிற உலோகம் வேண்டும். அது இன்னதென்றும் அவருக்குத் தெரியும். மதராஸில் பார்க்க வேண்டியவர்களையெல்லாம் போய்ப் பார்த்தார். "சீமையில செய்றாங்களாம். நம்ம ஊருக்கு வராதாம்," என்று வெறுங்கையோடு திரும்பினார். அக்கா பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள். "அது கெடைச்சா மட்டும் சின்னவரு வந்துடுவாராங்க?"

"வரமாட்டான்," என்றார் பாவா. "அடுத்தாப்ல படுத்துகினு கெடக்கறவன் வருவான்ல?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காபி போட்டு வைத்தேன். அவர் அதைத் தொடவே இல்லை. பிறகு கனகம்மாசத்திரத்தில் ஒரு அரிசி மில்லில் வேலைக்குப் போனார். கடைசிவரை கொட்டகைப் பக்கம் போகவில்லை. நாங்களும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது அரக்கோணத்திலிருந்து கடற்படையின் ஹெலிகாப்டர்கள் மலைக்கு மேலாகப் பறந்து போகின்றன. யாரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. போன வாரம் துணி உலர்த்திக்கொண்டிருந்த அக்கா, ஒன்று மேலே போவதைப் பார்த்து அப்படியே நின்றாள். "எத்தினி பேரு ஏறலாம்டி அதுல?"

"பத்துப் பேருக்கு மேல ஏறலாம்னு சொல்றாங்க."

அக்கா கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டாள்.

"அவரு இன்னும் ஒருத்தருக்குத்தானடி எடம் கேட்டாரு."