மலர் ஒட்டிய வானம்

மெட்ராஸின் வடக்குக் கோடியில் இருக்கும் கத்திவாக்கத்தில் மலரின் வீடு எது என்று யாரைக் கேட்டாலும், "குப்ப பொறுக்கியாந்து பலகைல ஒட்டுமே, அதுவா?" என்று திருப்பிக் கேட்பார்கள். நாற்பது வருடமாகப் படம் செய்பவளுக்கு எங்கள் ஊர் கொடுத்த பட்டம் அது. நான் ரேச்சல், அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்து, மாம்பழமும் குடையும் வரையச் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றேன். ஊரில் எனக்குத்தான் ஓவியர் என்று பெயர். நியாயம் எப்படி இருக்கிறது பாருங்கள்.

மலர் மீனவ வீட்டுப் பெண். சின்ன வயதில் அம்மாவோடு கழிமுகத்துச் சேற்றில் கையால் இறால் தடவிப் பிடிக்கப் போனால், கூடையில் இறாலைவிடச் சிப்பிதான் அதிகம் இருக்குமாம். அதற்காக வாங்கின அடியும் அதிகம். கல்யாணமாகியும் புத்தி மாறவில்லை. மீன் செதில், இறால் ஓடு, நண்டுக் கொடுக்கு, அலை ஒதுக்கிய பாசி, தேங்காய் நார் எல்லாவற்றையும் மாடியில் காயவைப்பாள். பலகையில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி அதன்மேல் ஒட்டுவாள். செதில் அலையாகும், நார் வலையாகும், இறால் ஓட்டில் சாயங்கால வெயில் வந்து உட்காரும். டப்பா டப்பாவாக வண்ணம் கரைத்தும் என் கைக்கு வராத வெயில் அது. பொறாமையோடுதான் எழுதுகிறேன்.

சாயம் தொடமாட்டாள். கத்தரி வைக்கமாட்டாள். பசைகூட வீட்டில் புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சியதுதான். "தண்ணி பட்டா போயிடும் மலர், கடையில நல்ல கோந்து இருக்கு" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "படத்துக்கு எவன் டீச்சர் தண்ணி ஊத்தப் போறான்?" என்பாள்.

அவளுடைய பெரிய படம் ஒன்று உண்டு. கீழே கழிமுகம், மேலே வானம். வானம் முழுக்கச் சாம்பல். அனல்மின் நிலையப் புகைபோக்கிகளிலிருந்து எங்கள் வீட்டுக்குள் வந்து விழுகிறதே, அதே சாம்பல். வருடா வருடம் போகியன்று வீடு கழுவும்போது, சமையலறை ஜன்னல் கட்டையில் படிந்ததை மட்டும் தனியாக ஒரு மூடியில் வழித்து வைப்பாள். அதில் அந்த வருடத்துக்கு ஒரு பட்டை. ஒரு வருடம் வெளுப்பு, ஒரு வருடம் ஈயப் பாத்திர நிறம், ஒரு வருடம் அடுப்புக்கரி. இப்படி முப்பத்தொரு பட்டைகள்.

"இயற்கைப் பொருள்தான் ஒட்டுவேன்னு சொல்ற, சாம்பல் இயற்கையா?" என்று ஒருமுறை மடக்கினேன்.

"நானா போயி எட்த்துனு வந்தேன்? அதுவா மேலேர்ந்து வுய்து. மய மாரி."

மழையோடு சேர்த்துவிட்டாள்.

அந்தப் படத்தின் மேல் அவளுக்கு ஒரே ஓர் ஆசை. தெற்கே இருக்கிற மெட்ராஸ்காரர்கள் ஒருதடவை அதைப் பார்க்க வேண்டும். ஒருமுறை அனல்மின் நிலையம் பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "எங்க வானம்..." என்று ஆரம்பித்தாள். அடுத்த டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து வாயை நம்பவில்லை, பலகையைத்தான் நம்பினாள்.

போன வருடம் அந்த ஆசைக்கு வழி பிறந்தது. அடையாறு பக்கம் ஒரு கேலரியில் கடற்கரைக் கலைஞர்களுக்குக் கண்காட்சி என்று கேள்விப்பட்டு, அந்தப் படத்தை போனில் எடுத்து அனுப்பினேன். கேலரியிலிருந்து நவ்ரீன் என்ற பெண் நேரில் வந்து எடுத்துப்போவதாகச் சொன்னாள்.

இங்கே மலரின் கணவர் டில்லிபாபுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு அவருக்கு ஒரே உத்தியோகம், துடைப்பது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, டிவி, கட்டில், சாமி படம், சைக்கிள் சீட்டு எல்லாம் துடைப்பார். எங்கள் தெருவில் எல்லோரும் துடைக்கிறவர்கள்தான். அவர் கொஞ்சம் பக்தியோடு துடைப்பவர். மலரின் படங்களுக்கு மட்டும் "கலீஜ்" என்று சொல்லிக் கிட்டேயே போகமாட்டார். நாற்பது வருடத்தில் ஒன்றைக்கூட நின்று பார்த்ததில்லை.

நவ்ரீன் வருகிற காலையில் நானும் மலரும் பிஸ்கட் வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பினோம். கூடத்தில் டில்லிபாபு ஈரத்துணியோடு நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்து வாளியில் கறுப்புத் தண்ணீர்.

"மெட்ராஸ்லேர்ந்து ஆளு வர்றாங்கோ, ஒன் படம் இவ்ளோ தூசியாவா கீறது? ஜோரா தொட்ச்சுட்டேன் மலரு."

நாற்பது வருடத்தில் முதல்முறையாக மனைவியின் கலைக்கு மரியாதை செய்திருக்கிறார். கழிமுகம் அப்படியே இருந்தது, செதில்கள் பளபளத்தன. மேலே வானம் இருந்த இடத்தில் ஈரமான வெள்ளைத் துணி மட்டும். முப்பத்தொரு வருடம் வாளிக்குள் போய்விட்டது.

மலர் கத்துவாள் என்று நினைத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அது தூசி இல்லய்யா" என்றாள். விஷயம் புரிந்ததும் டில்லிபாபு துணியைக் கீழே போட்டுவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். பாவம், அவரைத் திட்டவும் மனம் வரவில்லை.

நவ்ரீன் வந்தாள். படத்தைப் பார்த்ததும் கண் விரிந்தது. "போட்டோல டார்க்கா இருந்துச்சே ஆன்ட்டி! இப்ப எவ்வளவு நம்பிக்கையா இருக்கு! 'தெளிந்த வானம்'னு பேர் வெச்சிடலாமா?"

நான் தலையாட்டத் தயாராக இருந்தேன். படம் போனால் போதும், பெயரில் என்ன இருக்கிறது என்று தோன்றியது. முப்பது வருடம் அரசாங்கச் சம்பளம் வாங்கியவளுக்கு அப்படித்தான் தோன்றும்.

மலர் எழுந்தாள். "அது வானம் இல்லம்மா. வானத்த எங்க வூட்டுக்காரு தொட்ச்சுட்டாரு. நடந்தத நடந்த மாரி எய்துறதுன்னா எட்த்துனு போ. இல்லாங்காட்டி வேணாம்."

நவ்ரீன் வாளியைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். பிறகு நோட்டை எடுத்து, மலர் சொன்னதை எழுதிக்கொண்டாள்.

கண்காட்சிக்கு நாங்கள் மூவரும் போனோம். படத்துக்குக் கீழே ஒட்டிய அட்டையில் இப்படி இருந்தது: "மீன் செதில், சிப்பி, இறால் ஓடு, நார். வானம்: முப்பத்தொரு வருடச் சாம்பல், கணவர் டில்லிபாபு ஈரத்துணியால் துடைத்தது." கூட்டம் முழுக்க அந்தப் படத்தின் முன்னால்தான். தாடி வைத்த ஒருவர், வெறுமையை இவ்வளவு துணிச்சலாக யாரும் காட்டியதில்லை என்றார். நாற்பது வருடம் ஒட்டியவளை விட்டுவிட்டு, பத்து நிமிடம் துடைத்தவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"துடைக்கும்போது உங்க மனசுல என்ன ஓடிச்சு சார்?" என்று தாடிக்காரர் கேட்டார்.

"தூசி கீதேன்னு ஓடிச்சு" என்றார் டில்லிபாபு. "தெனம் ரெண்டு வாட்டி தொடைக்கறதுதான? இங்க நீங்கோ எத்தினி வாட்டி தொடைப்பீங்கோ?"

சிரித்தார்கள். வாரத்துக்கு ஒருநாள் ஆள் வரும் என்றார் ஒருவர்.

டில்லிபாபு நம்பவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், திறந்திருந்த பெரிய ஜன்னலின் கட்டையில் விரலை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்தார். விரலைத் தூக்கிப் பார்த்தார். அடுத்த ஜன்னலிலும் இழுத்தார். பிறகு மலரிடம் வந்து நீட்டினார்.

"மலரு, ஒண்ணுமே ஒட்லம்மே."

மலர் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இங்கே சாம்பல் விழாது என்று அவளுக்குத் தெரியாததில்லை. ஆனால் தெரிவது வேறு, புருஷன் விரலில் பார்ப்பது வேறு. தன் வானத்தை இவர்களுக்குக் காட்ட வந்தவள், இவர்களுடைய வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் முட்டியது.

"அப்ப இது நமக்கு மட்டுந்தானா டீச்சர்?" என்று சத்தமாகவே கேட்டாள்.

தாடிக்காரர் கைதட்ட ஆரம்பித்தார். இதுவும் படத்தோடு சேர்ந்தது என்று நினைத்துவிட்டார்.