பெரிய வெள்ளியில் சாப்பிட்டவர்

திருக்கோணமலைத் துறைமுகத்தில், கப்பலுக்குச் சாமான் தூக்கி இறக்கும் விஞ்சு ஓட்டியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் தேயிலைப் பெட்டியை, நித்திரையான குழந்தையைத் தொட்டிலில் விடுவது போலக் கப்பலின் வயிற்றுக்குள் இறக்கத் தெரிந்தவர் யேசுரட்ணம் ஒருவர்தான். வெளிநாட்டுக் கப்டன்மாரே சிகரெட்டை மறந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை. என்றாலும் கல்வீடு கட்டினார். யாரிடமும் கைநீட்டவில்லை. இப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரேயொரு குறை. வேலை முடிந்து சங்கு ஊதியதும் அவருடைய கால்கள் வீட்டுப் பக்கம் திரும்பாது. சாராயத் தவறணைப் பக்கம்தான் திரும்பும்.

விட்டுவிட முயலவில்லை என்று யாரும் சொல்ல ஏலாது. ஒவ்வொரு வருசமும், உயிர்ப்புப் பண்டிகையான பாஸ்குவுக்கு முந்திய தபசுகால நோன்பில், குடிக்கமாட்டேன் என்று அந்தோனியாரிடம் நேர்த்தி வைப்பார். எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லையே! சாராயத்தோடு சேர்த்துச் சோற்றையும் விட்டுவிடுவார். மற்றவர்கள் ஒருசந்தி என்று ஒருநேரமாவது உண்பார்கள். இவர் வெறும் தேத்தண்ணியில் நிற்பார். சில நாள் தாங்கும். பிறகு ஒரு பின்னேரம் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அடுத்து அவரைத் தேடவேண்டிய இடம் தவறணைதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில், விபூதிப் புதனன்று, மனைவி கிறிஸ்டின் ஒரு சொல் சொன்னாள்.

“இஞ்சேருங்கோ, பாஸ்கு வாறதுக்குள்ள ஒருக்கா குடிவெறியில வந்தாலும் நான் புல்மோட்டை பஸ்ஸில ஏறி அண்ணையிட்டப் போயிடுவன். பிறகு வரமாட்டன்.”

அவள் சத்தம் போடவில்லை. அதுதான் யேசுரட்ணத்துக்குப் பயமாக இருந்தது. கிறிஸ்டின் இல்லாத வீட்டை நினைத்ததும் அவருக்கு விஞ்சுக் கம்பி அறுந்தது போலிருந்தது. நேரே ஊருக்கு வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி குணரத்தினத்திடம் போனார்.

“நேர்த்தி வைச்சால் என்ன சாப்பிடுறனீர்?” என்று கேட்டார் அப்போதிக்கரி.

“ஒண்டுமில்லை ஐயா. தேத்தண்ணி மட்டும்,” என்றார் யேசுரட்ணம், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

“விசர் மனிசன்! உம்மைத் தவறணைக்கு அனுப்புறது சாத்தான் இல்லை, உம்மட பட்டினிதான்.” அப்போதிக்கரி கதிரையை முன்னுக்கு இழுத்தார். “மூளைக்குள்ள ஒரு குசினி இருக்குக் காணும். சந்தோசம், நித்திரை, பொறுமை எல்லாம் அங்கதான் சமைபடுது. நீர் இவ்வளவு காலமும் சந்தோசத்தைப் போத்திலில வாங்கினீர். கடைச்சாப்பாடு வருகுதெண்டு குசினிக்காரன் அடுப்பை அணைச்சுப்போட்டுப் படுத்திட்டான். இப்ப அவனை எழுப்பவேணும். முட்டை, மீன், பருப்பு, தவிட்டரிசி, இதுகள்தான் அவனுக்குச் சாமான். வயிறு காஞ்சால் இரத்தத்தில சீனி இறங்கும், கை நடுங்கும், மூளை கத்தும். அது பசியில கத்துது. நீர் சாராயத்துக்குக் கத்துதெண்டு நினைக்கிறீர்.”

பி விற்றமின் ஊசியும் போட்டார். கிறிஸ்டின் கோவிலுக்குப் போய், தபசுகாலத்தில் இப்படிச் சாப்பிடலாமோ என்று பங்குச் சுவாமியிடம் கேட்டாள். “மருந்தெடுக்கிற வருத்தக்காரனுக்கு ஒருசந்தி இல்லை மகள், சாப்பாட்டைக் குடு,” என்று சுவாமி விட்டுக்கொடுத்தார்.

பிறகென்ன, ஒரே கூத்துத்தான். விடிந்தால் முட்டைக் கோப்பி. வேலைக்கு வெளிக்கிடமுதல் குரக்கன் புட்டும் கீரிமீன் குழம்பும். சேட்டுப் பைக்குள் வறுத்த கச்சான் கடலை, காற்சட்டைப் பைக்குள் அவித்த முட்டை. விஞ்சுக் கைபிடியை ஒரு கையால் இழுத்தபடி மறுகையால் முருங்கையிலைச் சுண்டல் உண்பார். கீழே பெட்டி கட்டிவிடும் ஹிஸ்புல்லா கத்துவார்:

“யேசு அண்ணை, கப்பலுக்கு ஏத்துறதைவிட உங்களுக்கு ஏத்துறதெல்லோ கூட!”

“கப்பலுக்கு ஒரு வயிறு, எனக்கு ரண்டு, தம்பி! மூளைக்குள்ளயும் ஒருத்தன் இருக்கிறான்!”

சங்கு ஊதும். வாசலில் கிறிஸ்டின் பால்கஞ்சிச் செம்போடு நிற்பாள். குடித்து முடித்தால் கால்கள் என்ன மாயமோ வீட்டுப் பக்கம் திரும்பும். இரவில் குறட்டை விட்டார். ஒருநாள் காரணமே இல்லாமல் சிரித்தார். “குசினிக்காரன் எழும்பிட்டான்!” என்று கிறிஸ்டின் அப்போதிக்கரியிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

பெரிய வெள்ளி வந்தது. தெருச் சிலுவைப்பாதையில் சிலுவை சுமக்க ஆள் வேண்டும். தோள் பலத்தில் யேசுரட்ணத்தை யார் வெல்வது? ஆனால் அவருக்கு ரோசம் பிடித்துவிட்டது.

“இண்டைக்கு ஊரே ஒருசந்தி. சிலுவையைத் தூக்கிறவன் வயித்தை நிரப்பிக்கொண்டு வாறதோ? ஒண்டும் வேண்டாம்!”

கிறிஸ்டின் கெஞ்சினாள். அவர் கேட்கவில்லை.

வெயில் ஏறியது. சிலுவை ஏறவில்லை, இறங்கிக்கொண்டே வந்தது. அவருடைய கை நடுங்கியது. உடம்பு வியர்த்துக் குளிர்ந்தது. ஒழுங்கை முடக்கில் பழைய கூட்டாளி தவராசா நின்றார். இடுப்பில் கள்ளச்சாராயம், கசிப்புப் போத்தில்.

“அண்ணை, முகம் வெளுத்துப்போச்சு,” என்று காதோடு சொன்னார். “ஒரு மிடறு காணும். ஒருத்தருக்கும் தெரியாது.”

யேசுரட்ணத்தின் நாக்கு ஊறியது. சனம் முழங்காலில், கண்ணை மூடிச் செபித்துக்கொண்டிருந்தது. கை போத்திலில் பட்டும் விட்டது. அப்போதுதான் அவருக்கு மின்னியது: கத்துகிறது யார்? குசினிக்காரன் அல்லவா!

கையை இழுத்துக்கொண்டு, கப்பலுக்குக் குரல் கொடுப்பது போல ஒரு சத்தம் போட்டார்:

“கிறிஸ்டின்! எனக்குப் பசிக்குது!”

செபம் நின்றுபோயிற்று. பெண்கள் பக்கத்திலிருந்து கிறிஸ்டின் எழும்பினாள். முந்தானைக்குள்ளிருந்து மூடுசட்டி வெளியே வந்தது: புட்டு, மீன், அவித்த முட்டை. அவள் அவ்வளவு நேரமும் அதை மறைத்துச் சுமந்துகொண்டே வந்திருக்கிறாள்!

“கோதாரி! சிலுவைப்பாதையில சாப்பாடோ?” என்றது ஒரு குரல்.

“மருந்து,” என்றார் சுவாமி. “சாப்பிடட்டும். நாங்கள் நிப்பம்.”

தெரு நடுவில், சிலுவையைப் பக்கத்தில் சாத்திவிட்டு, ஊரே பார்த்திருக்க யேசுரட்ணம் உண்டார். நடுக்கம் மெல்ல நின்றது. முதலில் ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு கிறிஸ்டினும் சிரிப்பை அடக்க முடியாமல் சீலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

“இன்னும் கொஞ்சம் புட்டுப் போடும்,” என்றார் யேசுரட்ணம்.

“மெல்லச் சாப்பிடுங்கோ,” என்றாள் அவள். “நான் எங்கயும் போகேல்லை.”

மிச்சத் தூரமெல்லாம் அவர் அந்தச் சிலுவையைச் சுமந்தார், இடைக்கிடை ஒரு நல்ல ஏப்பத்தோடு.