வசனம் திருத்திய எட்டு மாதம்

நெடுந்தீவில் ஒரு சிறிய அரச கந்தோரில் நான் ஆறு வருடம் வேலை பார்த்தேன். வீடு வேலணையில். காலையில் பேருந்தில் குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் போய், அங்கிருந்து ஒரு மணித்தியாலம் படகில் போக வேண்டும். பின்னேரம் அதே வழியால் திரும்ப வேண்டும். இடமாற்றம் கேட்டு மூன்று முறை விண்ணப்பித்தேன். எனக்குப் பதிலாக வர ஆள் இல்லை என்று மூன்று முறையும் பதில் வந்தது. அங்கே வர வேறு ஒருவருக்கும் விருப்பமில்லை, ஆகவே நீங்கள் விருப்பத்தோடு இருங்கள் என்பது அதன் பொருள். வேலணைக்கு இடமாற்றம் கிடைப்பதைவிட வெளிநாட்டு வணிகப் பள்ளி ஒன்றில் இடம் கிடைப்பது இலகு என்று ஒருநாள் படகில் தோன்றியது. இறங்கும்போதும் அந்த நினைப்பு போகவில்லை.

அந்தப் பள்ளிகளுக்குப் போக ஒரு நுழைவுத் தேர்வு இருக்கிறது. கணிதம் எனக்குப் பயமில்லை. பயம் ஆங்கிலம். எங்கள் கந்தோரில் ஆங்கிலம் என்பது மேலே போகும் கடிதங்களுக்கு உடுத்தும் சட்டை மாதிரி. அதைப் போட்டுக்கொண்டு யாரும் கதைப்பதில்லை. கொழும்பிலிருந்து இணையத்தில் வகுப்பு எடுக்கும் ஓர் ஆசிரியரிடம் சேர்ந்தேன். எல்லோரும் அவரை ‘சேர்’ என்றுதான் கூப்பிடுவோம். பழைய புத்தகம் ஒன்றையும் தபாலில் எடுத்தேன்.

இலக்கணக் கேள்வி இப்படி இருக்கும். ஒரு நீளமான வசனம். அதில் ஒரு பகுதிக்குக் கீழே கோடு. அந்தப் பகுதியை ஐந்து விதமாக எழுதித் தருவார்கள். நான்கு பிழை, ஒன்று சரி. படித்தவர்கள் எழுதும் ஆங்கிலத்தில் இத்தனை விதமாகப் பிழை விடலாம் என்பது எனக்கு முதலில் ஆறுதலாக இருந்தது.

படகில் எனக்குப் பக்கத்தில் வழக்கமாக இருப்பவர் நெடுந்தீவுப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் படிப்பிக்கும் டீச்சர். அவரும் தினமும் போய் வருபவர். ஒரு காலை அவருக்கு ஒரு விதியை விளங்கப்படுத்தினேன். கரையால் நடந்து போகும்போது வெளிச்சவீடு தெரிந்தது என்று தமிழில் சொன்னால் ஒருவருக்கும் குழப்பமில்லை. அதையே ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் எழுதினால், நடந்து போவது வெளிச்சவீடு ஆகிவிடும்.

“அப்ப இருவது வருசமா எங்கட பிள்ளையளின்ரை கட்டுரையளிலை எல்லாக் கட்டடமும் நடந்துதான் திரிஞ்சிருக்கு” என்றார் டீச்சர்.

விதிகள் மண்டையில் ஏற ஏற நான் வீட்டிலும் திருத்தத் தொடங்கினேன். நெடுந்தீவுக் கிணற்றுத் தண்ணீர் வேலணையைவிட உப்பு என்று அம்மா யாருக்கோ தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீரைத் தண்ணீரோடுதான் ஒப்பிட வேண்டும், ஊரோடு ஒப்பிடக் கூடாது என்று நான் குசினி அடுப்படியிலிருந்து சொன்னேன். அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு, இரண்டு கிழமைக்கு என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தார். அந்தக் கதையில் ஒப்பீடு எதுவும் இருக்கவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கந்தோரில் எங்கள் மேலதிகாரி ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த மனிதர். தன் ஆங்கிலத்தில் அவருக்குப் பெரிய பெருமை. படகுக்குக் காத்திருப்பவர்கள் நிற்க இறங்குதுறையில் ஒரு கொட்டகை கேட்டு, கொழும்பிலிருந்த எங்கள் தலைமை அலுவலகத்துக்கு அவர் வருடாவருடம் ஒரு கடிதம் எழுதுவார். ஒன்றரைப் பக்கம் வரும். அந்த வருடம் தட்டச்சுச் செய்யும் வேலை என்னிடம் வந்தது. முதல் வசனத்திலேயே என் கை நின்றுவிட்டது. அவருடைய வசனத்தின்படி, வெயிலிலும் மழையிலும் மணிக்கணக்காகக் காத்து நின்று கஷ்டப்பட்டது பயணிகள் அல்ல. இன்னும் கட்டப்படாத அந்தக் கொட்டகை.

நான் திருத்தினேன். திருத்தி முடித்தபோது ஒன்றரைப் பக்கம் நான்கு வசனமாகச் சுருங்கியிருந்தது. யார் நிற்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், என்ன வேண்டும், ஏன் வேண்டும். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. அவர் வாசித்தார். முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் பிழை பிடிக்க ஏலவில்லை. கையெழுத்து வைத்தார்.

வழக்கமாக ஆறு மாதம் எடுக்கும் பதில் மூன்று கிழமையில் வந்தது. உங்கள் கோரிக்கை தெளிவாக விளங்குகிறது, நிறைவேற்ற இயலாது என்று இரண்டே வரி. மேலதிகாரி என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டு, கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“பிள்ளை, நான் எழுதினா அவங்களுக்கு விளங்காது. விளங்காட்டில் பரிசீலிக்கிறம் எண்டு எழுதுவாங்கள். பரிசீலிக்கிறம் எண்டால் கோப்பு மூடேல்லை. நீர் விளங்க எழுதிப்போட்டீர். கோப்பை மூடிப்போட்டாங்கள்.”

ஒன்பது வருடமாக அவர் திறந்து வைத்திருந்த கோப்பு அது. அன்றைக்கே தன் கைப்பட இன்னொரு கடிதம் எழுதினார், இரண்டேகால் பக்கம். நான் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடாமல் தட்டச்சுச் செய்தேன். சில மாதத்துக்குப் பிறகு, பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. அவர் அதைக் கந்தோரில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார்.

எட்டாவது மாதம் எனக்கு இலக்கணம் கைவந்துவிட்டது. பயிற்சியில் பத்துக்கு ஒன்பது சரி வரும். வசனத்தை முழுக்க வாசிக்காமலேயே எங்கே பிழை என்று தெரியும், மீனின் கண்ணைப் பார்த்துப் பழசா புதிதா என்று சொல்லுவது மாதிரி. அந்தக் கிழமைதான் வகுப்பில் சேர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு செய்தி சொன்னார். தேர்வை மாற்றியிருக்கிறார்கள். இனிமேல் அதில் இலக்கணக் கேள்வி கிடையாது. ஆங்கிலத்தில் வாசிப்புக் கேள்விகள் மட்டும் இருக்கும்.

திரையில் இருந்த முகங்கள் எல்லாம் அசையாமல் நின்றன. என் இணையம் நின்றுவிட்டது என்று முதலில் நினைத்தேன். பிறகு ஒரு பெடியன் தண்ணீர் குடித்தான். அப்போதுதான் செய்தி உண்மை என்று பட்டது. வகுப்பு முடிந்ததும் அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

“அப்ப நல்லதுதானே, பாடம் குறைஞ்சிட்டுது” என்றார் அம்மா. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொன்னார். தோள் குலுங்கியது தெரிந்தது.

வாசிப்புக் கேள்விக்கு ஒரே ஒரு பெரிய விதி. வாசிக்கத் தந்த பந்தியில் இருப்பது மட்டும்தான் உண்மை. அதற்கு வெளியே உமக்கு என்ன தெரிந்திருந்தாலும் அது தெரியாது என்று வைத்துக்கொள்ள வேண்டும். தேனீயைப் பற்றி, தொழிற்சங்கத்தைப் பற்றி, ஏதோ ஒரு நாட்டின் பழைய தையல்காரிகளைப் பற்றிப் பந்திகள் வரும். பிறகு எழுதியவரின் மனநிலை என்ன என்று கேட்பார்கள். டீச்சர் படகு இரைச்சலுக்கு மேலாகக் கேள்விகளை உரத்து வாசித்து என்னைச் சோதிப்பார்.

“எழுதினவர் என்ன மனநிலையிலை எழுதினவர் எண்டு அவரின்ரை மனுசிக்கே தெரிஞ்சிராது. உமக்கு எப்பிடித் தெரியும்?” என்று ஒருநாள் கேட்டார். அப்படிக் கேட்டுவிட்டு விடைப் பக்கத்தைப் பார்த்தார். எழுதியவர் எச்சரிக்கையுடன் கூடிய நம்பிக்கையில் இருந்தாராம்.

தேர்வு கொழும்பில். முந்திய நாளே போய் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கினேன். காலையில் குளிரூட்டிய அறையில் ஒரு கணினிக்கு முன்னால் இருத்தினார்கள். கணிதம் நன்றாகப் போனது. வாசிப்பில் மூன்றாவது பந்தி எங்கோ வடகடலில் உள்ள ஒரு சிறிய தீவைப் பற்றியது. மீன் குறைந்ததால்தான் மக்கள் அந்தத் தீவை விட்டுப் போனார்கள் என்று ஓர் ஆய்வாளர் எழுதியிருந்தார். மக்கள் வெளியேறியதற்கு முதன்மைக் காரணம் எது என்பது கேள்வி. முதலாவது விடை மீன். நான்காவது, தீவில் நிரந்தரமாக ஒரு வைத்தியர் இல்லாதது.

மீன் என்றுதான் பந்தியில் இருக்கிறது. அது எனக்குத் தெரியும். விதியும் தெரியும். ஆனால் அந்த ஆய்வாளர் கோடைகாலத்தில் இரண்டு கிழமை வந்து, கரையில் நின்ற ஆம்பிளைகளிடம் மட்டும் கேட்டுவிட்டுப் போயிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. கரையில் கேட்டால் மீன் என்றுதான் சொல்லுவார்கள். வீட்டுக்குள் போய்ப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று அவர் ஒரு பெண்ணிடமாவது கேட்டிருக்க வேண்டும். இந்த யோசனையில் ஆறு நிமிடம் போனது. கடைசியில் நான்காவது விடையை அழுத்தினேன். அதே பந்தியில் இன்னும் இரண்டு கேள்விகளிலும் அந்த ஆய்வாளரோடு சண்டை பிடித்தேன்.

முடிவு உடனே திரையில் வந்தது. கணிதம் பெருமைப்படும்படி. வாசிப்பு, நான் பந்தியையே பார்க்காமல் எழுதினேன் என்று நினைக்கும்படி. இன்னொரு முறை எழுதச் சொன்னார் சேர். எனக்கு மனம் வரவில்லை. அந்தப் புள்ளியோடேயே மூன்று பள்ளிகளுக்கு விண்ணப்பித்தேன். இரண்டு மறுத்தன. குளிர் நாடு ஒன்றிலிருந்த மூன்றாவது பள்ளி, இடம் தருகிறோம், ஆனால் உமக்கு ஆங்கிலம் தெரியும் என்று நிரூபிக்க இன்னொரு தேர்வு எழுதும் என்றது. இவ்வளவு நாளும் நான் எதை எழுதினேன் என்று அவர்கள் நினைத்தார்கள் என்று தெரியவில்லை.

இரண்டாவது தேர்வில் ஒரு மனிதருக்கு முன்னால் இருந்து கதைக்க வேண்டும். வழக்கமாகப் போய் வரும் பயணம் ஒன்றைப் பற்றி இரண்டு நிமிடம் சொல்லச் சொன்னார். நான் படகைப் பற்றிச் சொன்னேன். காற்றுக் காலத்தில் படகு போகாத நாட்களைப் பற்றிச் சொன்னேன். நேரம் முடிந்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு தாளைப் பார்க்காமல், பிள்ளைப்பேறு என்றால் அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டார். நாள் கிட்டும்போதே கடலுக்கு இங்காலே வந்து சொந்தக்காரர் வீட்டில் நின்றுவிடுவார்கள் என்றேன். சொந்தக்காரர் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்றார். எனக்குத் தெரிந்த ஒருத்திக்குப் படகிலேயே வலி வந்ததையும், நானும் டீச்சரும் எங்கள் குடைகளை விரித்து மறைப்புக் கட்டியதையும் சொன்னேன். எத்தனை பிழை விட்டேனோ தெரியாது. படிக்கத் தொடங்கிய பிறகு முதல் தடவையாக அதை நான் எண்ணவில்லை. தாயும் பிள்ளையும் சுகமா என்று கேட்டார். ஓம் என்று தமிழில் சொல்லிவிட்டுப் பிறகு திருத்திச் சொன்னேன்.

அந்தத் தேர்வில் சித்தியடைந்தேன். சம்பளமில்லாத லீவும் கிடைத்தது. இப்போது அந்தக் குளிர் ஊரில் எனக்கு இரண்டாம் தவணை நடக்கிறது. என் குழுவில் ஐந்து பேர், ஐந்து நாட்டவர். போன கிழமை ஒரு கப்பல் கம்பனியின் கதையைத் தந்து தீர்வு கேட்டார்கள். சிறிய தீவு ஒன்றுக்கு ஓடும் அதன் படகுச் சேவை நட்டத்தில் போகிறது. அதை நிறுத்தலாமா என்பது கேள்வி. நிறுத்தலாம் என்று நான்கு பேர் சொன்னார்கள். நான் முக்கால் மணித்தியாலம் கதைத்தேன். சேவை தொடர வேண்டும் என்று ஐந்து பேரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தோம். வகுப்பிலேயே ஆகக் குறைந்த புள்ளி எங்களுக்குத்தான்.