கழுகம்மாவின் காது

நெசவு மில்லில் அவளுக்குக் கழுகு என்று பெயர் வைத்தவள் பக்கத்துத் தறிக்காரி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி முப்பத்தெட்டு வருடமும் கழுகுதான். வயது ஏற ஏற மரியாதைக்கு ஓர் அம்மா சேர்ந்துகொண்டது, அவ்வளவே. இருபது தறிக்கு அப்பால் ஒருத்தி முணுமுணுப்பதை இங்கே நின்றபடி பிடித்துவிடுவாள். காதால் அல்ல, கண்ணால்.

தறிக்கூடம் என்றால் லேசுப்பட்டதில்லை. அறுபது தறி ஒன்றாக ஓடும். ஒவ்வொன்றிலும் நூல் சுமந்த நாடாக்கட்டை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாய்ந்து மரத்தில் அடிக்கும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் தொண்டைதான் போகும். அதனால் அங்கே பெண்கள் கத்துவதே இல்லை. குரல் எழுப்பாமல் உதட்டை மட்டும் நன்றாகத் திறந்து மூடிப் பேசுவார்கள், எதிரே நிற்பவள் பார்த்துப் புரிந்துகொள்வாள். மாமியார் புராணம், மேஸ்திரியின் வழிசல், யார் யாரோடு பேசுவதில்லை என்ற விவரம், எல்லாம் அப்படித்தான் கூடத்தைச் சுற்றி வரும். உதடு படிக்கப் புதியவளுக்கு ஆறு மாதம் பிடிக்கும். கழுகுக்கு ஒரே மாதம் போதுமாக இருந்தது.

அந்த வித்தைதான் அவளை ஏமாற்றியது. காது எப்போது போனதென்று அவளுக்கே தெரியாது. நாற்பத்தைந்து வயதில் ஒருநாள் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் மகள் வழுக்கி விழுந்து கை ஒடிந்து அலறியிருக்கிறாள். இவள் பாட்டுக்குத் துவைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டுக்காரி ஓடிவந்து தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் திரும்பினாள். பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும்! அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி, மருத்துவக் குழு எல்லாம். மில் சத்தத்தால் காதில் அறுபது சதவீதம் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். தறியிலிருந்து எடுத்துத் துணி மடிக்கும் பிரிவில் போட்டார்கள். அங்கே கூலி குறைவு. அதை ஈடுகட்ட மாதாமாதம் ஊனப்படி வந்தது.

ஆனால் செவிடி என்று ஒரு வாய் சொல்ல அவள் விட்டதில்லை. கடைக்காரன், பஸ் கண்டக்டர், தெருவில் யாருக்கும் தெரியாது. முகம் தெரிந்தால் போதும், டாண் டாண் என்று பதில் வரும். அடர்ந்த மீசைக்காரர்களோடு மட்டும் ஒத்துவராது. மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை கொத்தாக மீசை வைத்திருந்தார். எல்லாம் பிடித்திருக்கிறது, மீசையை எடுத்தால் முடித்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினாள். தாலி கட்டும் முன்பே மாமியாருக்கு மீசையைக் கொடுத்தவன் நான் ஒருத்தன்தான் என்று அவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அறுபது முடிந்ததும் மில் ஒரு சால்வையைப் போர்த்தி வெளியே அனுப்பியது. கணவன் போய்ச் சேர்ந்து வெகு காலம். கையிருப்பென்று பெரிதாக ஒன்றுமில்லை. இனி அந்த ஊனப்படி வந்தால்தான் அவள் குடியிருக்கும் ஒற்றை அறைக்கு வாடகை. மகள் வீட்டில் இரண்டு அறைக்கு ஏற்கெனவே ஆறு பேர். அங்கே போய் ஒரு மூலையில் ஒண்டுவதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் மறுபரிசோதனைக்கு வரச் சொல்லிக் காகிதம் வந்தது. ஓய்வு பெற்றால் மறுபடி பார்ப்பது விதியாம். வயதானால் எல்லாருக்கும் காது மந்தமாகும்தானே, அதனால் மில்லால் போனது எவ்வளவு, வயதால் போனது எவ்வளவு என்று பிரித்து எடுக்க வேண்டுமாம். பதினைந்து வருடத்துக்கு முன்பே போன காதில் வயது எங்கிருந்து வந்து புகுந்தது என்று கேட்கத்தான் ஆளில்லை.

மகள் விவரமானவள். போகும் வழியெல்லாம் பாடம் எடுத்தாள். அங்கே யார் பேசினாலும் முகத்தைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் புரிந்துவிடும், புரிந்தால் பதில் சொல்லிவிடுவாய், குனிந்து தரையையே பார் என்றாள். கழுகம்மாவும் தலையாட்டினாள்.

பரிசோதனை அறைக்குள் பெட்டி போல ஒரு சின்ன அறை, அதற்கு ஒரு கண்ணாடி ஜன்னல். அவளை உள்ளே உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்க வேண்டும் என்று சைகையில் காட்டினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டரும், எழுதிக்கொள்ள ஒரு குமாஸ்தா பெண்ணும், சுவரோரம் மகளும். கழுகம்மா தரையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கை மடியிலேயே கிடந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். கண்ணாலேயே வாழ்ந்தவளுக்கு அந்தப் பத்து நிமிடம் மூச்சை அடக்கியது போலிருந்தது. பொறுக்க முடியாமல் தலையைத் தூக்கினாள்.

டாக்டர் குமாஸ்தாவின் பக்கம் சாய்ந்து, மகளுக்குக் கேட்காதபடி தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். மழுமழுவென்று சவரம் செய்த முகம். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது.

"சுத்த நடிப்பு. வெளிய பொண்ணுகிட்ட நல்லாத்தானே பேசிட்டிருந்துச்சு. காசுக்காக என்ன வேணா பண்ணுவாங்க. இருபதுன்னு போட்டுடுங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு கஜம் துணி திருடியதாகக்கூட யாரும் அவளைச் சொன்னதில்லை. ஹெட்போனைக் கழற்றினாள், கதவைத் திறந்தாள், நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"நான் நடிக்கலைங்க. காசுக்காக எதையும் பண்ற ஆளும் நானில்லை."

மகள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். டாக்டர் கோபப்படவில்லை, சிரித்தார். குமாஸ்தாவிடம் எதையோ எழுதச் சொன்னார்.

மகள் ஓடிவந்து கெஞ்சினாள். அம்மா உதட்டைப் பார்த்துத்தான் சொல்கிறாள், தறியில் நின்ற பெண்கள் எல்லாருக்கும் இது வரும், வேண்டுமானால் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதாவது கேட்டுப் பாருங்கள் என்றாள். டாக்டரும் போனால் போகட்டும் என்று திரும்பி நின்று ஏதோ கேட்டார். கழுகம்மா அவருடைய முதுகைப் பார்த்தபடி நின்றாள். அவர் இந்தப் பக்கம் திரும்பினார்.

"இப்ப உஷாராயிட்டாங்க. அடுத்த ஆளைக் கூப்பிடுங்க."

பாவி மனுஷன்! கேட்டால் காது இருக்கிறது, கேட்காவிட்டால் நடிப்பு. இதில் அவள் எந்தப் பக்கம் நிற்பாள்? வீடு வரும் வரை மகள் அவளைத் திட்டினாள். இவளும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் பார்த்து வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் வாரம் முடிவு வந்தது. மகள் எதிரே உட்கார்ந்து படித்துக் காட்டினாள். பாதியில் முகத்தைச் சட்டென்று சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படித்தாள். கழுகம்மா அவள் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"மறைக்காம படி."

மகள் படித்தாள். மூடிய கண்ணாடிக்கு அப்பால் தணிந்த குரலில் நடந்த பேச்சைப் பயனாளி தெளிவாகக் கேட்டுப் பதில் சொன்னார். கேட்கும் திறன் அன்றாட வேலைக்குப் போதுமானது. ஊனம் இருபது சதவீதம், அதுவும் வயதின் காரணமாக. படி நிறுத்தப்படுகிறது. மேல்முறையீடு செய்யலாம், முடிவு வர ஒன்றரை வருடம் ஆகும்.

மேல்முறையீட்டு மனு போட்டார்கள். ஒன்றரை வருடம் வாடகை இல்லாமல் வீட்டுக்காரர் பொறுப்பாரா? எங்க வீட்டுக்கு வந்துடும்மா என்று மகள் அழுதாள். சேலையைச் சரிசெய்துகொண்டு கழுகம்மா வேலை தேடக் கிளம்பினாள்.

ஊருக்கு வெளியே துணிக் கிடங்கு ஒன்றில் மடிக்க ஆள் எடுத்தார்கள். அங்கிருந்த சூப்பர்வைசர் அவளுடைய நரையைப் பார்த்தார், மடிக்கும் வேகத்தையும் பார்த்தார். வேகம் பிடித்திருந்தது. ஆனால் ஒன்று மட்டும் கேட்டாக வேண்டியிருந்தது. "உள்ள லோடு வண்டி பின்னாடியே வரும். ஹாரன் கேட்டு ஒதுங்கணும். காது நல்லா கேக்குமாம்மா?"

கழுகம்மா பையிலிருந்து, படியை நிறுத்திய அந்தக் கடிதத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் படித்தார், கீழே இருந்த முத்திரையைப் பார்த்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார். நாளைக்கே வரச் சொன்னார்.

அவளுக்குக் கொடுத்த மேஜை வண்டிப் பாதைக்கு முதுகைக் காட்டி இருந்தது. அவள் ஒவ்வொரு துணியையும் மடித்ததும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். மூன்றாம் நாள் சூப்பர்வைசர் எதிரே வந்து நின்றார்.

"கை நல்லா ஓடுதும்மா. ஆனா அடிக்கடி பின்னாடி பார்க்கிறீங்க, அதுலயே பாதி நேரம் போகுது. அதைக் குறைச்சுக்குங்க."

"சரிங்க" என்றாள். அன்றைக்கே குறைத்துக்கொண்டாள். பத்துத் துணிக்கு ஒருமுறைதான் திரும்பினாள்.