இருபது வருடம் இறங்காத அதிபர்

வினாகிரியும் உள்ளியும் சேர்ந்து கொதிக்கிற வாசம் எங்கள் மூன்றாம் மாடி முழுவதும் பரவியிருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம்தான், ஒரு சொல்லை நம்பி ஒரு கதவைத் தட்டலாம் என்று எனக்கு முதன்முதலில் தோன்றியது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. தமிழ்க் கடையில் கறிவேப்பிலையோடு அப்பா வாங்கிவரும் இந்தியப் பத்திரிகையை எழுத்துக்கூட்டி வாசிப்பதுதான் அந்த வசந்தத்தில் எனக்குப் பிடித்திருந்த பைத்தியம். பிலிப்பைன்ஸ் அதிபர் ஒருவர் இருபது வருடம் பதவியை விட்டு இறங்கவில்லை, பத்திரிகைகளை மூடினார், எதிர்த்தவர்களைச் சிறையில் போட்டார், சனம் தெருவை நிறைத்தபோது நாட்டைவிட்டே ஓடினார், இப்போது அவருடைய மகன் தேர்தலில் நிற்கிறார் என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டில் 'அதிபர்' என்றால் பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர். நாட்டை ஆளுகிறவர் 'ஜனாதிபதி'. ஒரு பள்ளிக்கூட அதிபர் இவ்வளவு அட்டகாசம் செய்தாரா என்று பதறிப்போய், வாசம் வந்த எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

டீட்டா நெலி மணிலாவில் பிறந்தவர்; 'டீட்டா' என்றால் அவர்கள் மொழியில் அன்ரி. பக்கத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளைச் சக்கரநாற்காலியில் தள்ளிக்கொண்டு போகிற வேலை. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் படித்த அவருடைய மகள் மிக்கா அன்று நீச்சலுக்குப் போயிருந்தாள். நாங்கள் கதைத்தது ஆங்கிலத்தில். என் நினைவில் அது எங்கள் தமிழில்தான் கிடக்கிறது.

"டீட்டா, உங்கட பிரின்சிபல் ஆக்களைச் சிறையில போட்டவரோ?"

அகப்பையும் கையுமாக விழுந்து விழுந்து சிரித்தார். "பிரின்சிபலோ! அந்தாள் நாடு முழுக்கப் பிரம்போட திரிஞ்ச ஆள், பிள்ளை." பிறகு அடுப்பைத் தணித்தார். "என்ர அண்ணையையும் கொண்டுபோனவங்கள். துண்டுப் பிரசுரம் குடுத்தவர். பத்தொன்பது வயசு. திரும்பி வரேல்லை. மிக்காவுக்குச் சொல்லாதை, என்ன?"

வீட்டில் சொன்னபோது அப்பா பத்திரிகையை மடித்து வைத்தார். "நாங்களும் ஊரில காணாமல் போன ஆக்களைத் தேடின சனம்தான். அவவாக் கதைச்சால் கேள். தோண்டாதை."

நான் தோண்டவில்லை. ஆனால் அந்த மகன் பின்னர் உண்மையிலேயே ஜனாதிபதியானபோது, தகப்பனின் ஆட்சி பொற்காலம் என்று சொல்லும் வீடியோக்கள் மிக்காவின் கைபேசியை நிரப்பின. "மம்மா, ரோட்டெல்லாம் அவர்தான் போட்டவராம். நீங்கள் ஏன் அவரை ஏசுறியள்?" என்று அவள் கேட்க, டீட்டா எழும்பிக் கோப்பை கழுவப் போனதை நான் பார்த்தேன். பிறகு என்னிடம் சொன்னார்: "பயத்தைக் குடுக்கக்கூடாது எண்டு பொத்தி வைச்சன். இப்ப அந்த இடத்தில போன்காரன் வந்து இருந்திட்டான்."

கடையில் இப்போது பத்திரிகை வருவதில்லை. அந்தத் தட்டில் தேங்காய்ப்பால் ரின்கள் அடுக்கியிருக்கின்றன. தவறுதலாக ஒரு செய்தியில் தடுக்கி விழுந்து அயல்வீட்டுக்கு ஓடுகிற வாய்ப்பு இன்றைய பதினொரு வயதுக்காரருக்கு இல்லை. டீட்டாவும் போன மாதம் ஓய்வு பெற்றார். அன்று மாலை அவரே மகளைக் கூப்பிட்டு, "உனக்கு ஒரு மாமா இருந்தவர்" என்று தொடங்கி, அதற்கு மேல் முடியாமல் நிறுத்திவிட்டார். மிக்கா இரவுச் சாப்பாட்டைத் தொடாமல் என் வீட்டுக்கு வந்தாள். "என்னெண்டு கேக்கிறது? நீ மம்மாவோட கதைச்சுப் பழகினனி, சொல்லித்தா."

வரும் ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிய மூவரும் கூடி இருக்கப்போகிறோம். அவள் பிரெஞ்சில் கேட்பாள், டீட்டா விரும்பிய மொழியில் சொல்லுவார், நான் ஒலிப்பதிவு செய்து தமிழில் எழுதப் பார்ப்பேன். கேள்விகளை மிக்கா நேற்று அனுப்பினாள், இரண்டு பக்கம். முதலாவது: "மாமாவின் பெயர் என்ன?"