லிச்சி மரத்தடியில் கொட்டிய ஐஸ்

முட்டுக்காட்டில் நான் மீன் வாங்கும் கடைக்கார அம்மாவின் விரல்கள் எப்போதும் வெளுத்து ஊறியிருக்கும். நாளெல்லாம் ஐஸ் பெட்டிக்குள்ளேயே கிடக்கும் கைகள். வியாபாரம் முடிந்ததும் மிச்ச ஐஸை வாளியில் அள்ளிப்போய், தன் வீட்டு வாசலில் நிற்கும் லிச்சி மரத்தடியில் கொட்டுவார். குளிர் பட்டால்தான் லிச்சி பூக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மரம் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது. ஒருமுறைகூடப் பூக்கவில்லை.

ஒருநாள் மீனோடு அவர் பின்னாலேயே போய்ச் சொன்னேன்.

"அக்கா, இதுக்குக் குளிர்காலமே வேணும். வேர்ல ஐஸ் கொட்டி ஒண்ணும் ஆகாது. நம்ம கடற்கரையில லிச்சி எங்க காய்க்கப்போவுது?"

அவர் வாளியைக் கவிழ்த்தபடியே, மீன் விலை சொல்லும் அதே குரலில் பேசினார்.

"எம் பொண்ணு வச்ச மரம் சார். சண்ட போட்டுகினு போவும்போது, இது காய்ச்சாதான் இந்த வூட்டுக்கு வருவேன்னு சொல்லிட்டுப் போச்சு. இங்க காய்க்காதுன்னு அதுக்கும் தெரியும்."

காலி வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மண்ணக் கொஞ்சம் தொட்டுப் பாரு சார், சில்லுனு கீதா? எங் கைக்கு ஒண்ணும் தெரியல."

தொட்டேன். சில்லென்றுதான் இருந்தது.