ஃபோன் செய்தது யோகப்பிரியாதான்

கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில், பொள்ளாச்சி போகும் ரோட்டோரம் பூபதிராஜாவின் ஓட்டல் இருக்கிறது. அங்கே வாடிக்கையாகச் சாப்பிடும் லாரிக்காரர்களிடம் யோகப்பிரியாவைத் தெரியுமா என்று கேட்டால் முழிப்பார்கள். ரசம் எப்படி என்று கேட்டால் சப்புக்கொட்டுவார்கள். ரசத்தைத் தெரிந்தவர்களுக்கு ரசம் வைத்தவளைத் தெரியவில்லை. யோகப்பிரியாவின் வயிற்றெரிச்சல் இங்கேதான் தொடங்குகிறது.

வயிற்றெரிச்சல் அவளுக்குப் புதிதும் அல்ல. பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் ஊறினால் இவளுக்குச் சோறு இறங்காது. ஓரகத்தி புதுச் சேலை கட்டினால் அன்றைக்கு முழுக்கத் தலைவலி. வேறு சிலரைப் போல அதை மறைத்துவைத்து மேலுக்குச் சிரிக்கவும் அவளுக்குத் தெரியாது. மூஞ்சி காட்டிக் கொடுத்துவிடும். நான் குறையாகச் சொல்லவில்லை. பொறாமையே படாதவர் யாராவது இருந்தால் கையைத் தூக்கட்டும், பார்க்கலாம்.

புருஷன் ஆறுச்சாமிக்குக் கொஞ்சம் தென்னந்தோப்பு உண்டு. வாடல் நோய் வந்து பாதி மரம் மொட்டையாகிவிட்டது. வீட்டில் அடுப்பெரிவது யோகப்பிரியாவின் ஓட்டல் சம்பளத்தில்தான். அந்த ஓட்டல் தகரக் கொட்டகையாக இருந்த காலத்திலிருந்து அவள்தான் அங்கே சமையல். குழம்பு, ரசம், பொரியல் எல்லாம் அவள் கை. முதலாளி பூபதிராஜா வாய் நிறைய "அம்மிணி, அம்மிணி" என்பான். அதோடு சரி.

அப்புறம்தான் லிஜி வந்தாள்.

நெம்மாறைப் பக்கத்துப் பெண். கேட்டரிங் படித்தவள். அவளுக்காக ஓட்டலின் முன்புறம் கண்ணாடி வைத்து, கோழி சுடுகிற அடுப்பு போட்டு, மேலே ஒரு ஃபேனும் மாட்டினார்கள். வெள்ளைத் தொப்பியோடு லிஜி சிரிக்கிற ஃப்ளெக்ஸ் போர்டு ரோட்டைப் பார்த்து நின்றது. யோகப்பிரியா வேலைக்கு வரும்போதெல்லாம் அந்தச் சிரிப்பைத் தாண்டித்தான் வர வேண்டும். பின்கட்டில் புகையும் வேர்வையுமாக அவள் நிற்க, முன்னால் காற்றாட நின்றுகொண்டு லிஜி கோழியைப் புரட்டுவாள். வருகிறவர்கள் எல்லாம் அவளிடம் பெயர் சொல்லிப் பேசுவார்கள்.

"ஏனுங்க, அவ என்னத்தப் பெருசாக் கிழிச்சுட்டா? கோழியக் கம்பியில குத்தித் தீயில காட்டறா. அதுக்கு ஒரு தொப்பி!" என்று வீட்டில் பொரிந்தாள்.

"உனக்கும் ஒரு தொப்பி வாங்கித் தாரேன், உடு" என்றார் ஆறுச்சாமி. அன்று இரவு அவருக்கு ரசம் கிடைக்கவில்லை.

இதில் மோசமான சங்கதி என்னவென்றால், லிஜி நல்லவள். "யோகாக்கா, சாப்பிட்டீங்களா" என்று தினமும் கேட்பாள். கெட்டவளாக இருந்தாலாவது நிம்மதியாக வெறுக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போனதில் யோகப்பிரியாவுக்கு ஆத்திரம் இரட்டிப்பானது. எங்காவது வழுக்கமாட்டாளா என்று லிஜியைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க ஆரம்பித்தாள்.

அப்படிக் கவனித்ததால்தான் கோழி விஷயம் அவள் கண்ணில் பட்டது. ஓட்டலின் பெரிய ஃப்ரீசர் பழுதாகிக் கிடந்தது. ரிப்பேருக்கு ஆள் சொல்கிறேன் என்று முதலாளி நாளைத் தள்ளிக்கொண்டே இருந்தான். ஒரு நாள் மத்தியானம், ஃப்ரீசரிலிருந்து எடுத்த கோழியை லிஜி வினிகர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். யோகப்பிரியா பக்கத்தில் போனதும் குப்பென்று நாற்றம் அடித்தது. கோழி கொழகொழவென்று இருந்தது. லிஜி அதன்மேல் மசாலாவை அப்பினாள். சாயந்திரம் அதே கோழியை ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு உட்கார்ந்து சாப்பிட்டது.

யோகப்பிரியாவின் எரிந்துகொண்டிருந்த வயிற்றில் ஒரு குளிர்ச்சி பரவியது. மாட்டினாள் மகராசி!

உணவில் குறை கண்டால் சொல்ல வேண்டிய நம்பர் கை கழுவும் இடத்தில் ஒட்டியிருந்தது. காஸ் சிலிண்டர் வைக்கிற சந்தில் நின்று கூப்பிட்டாள். எந்த ஓட்டல், என்ன கோழி, ஃப்ரீசர் ஓடாதது, எல்லாவற்றையும் சொன்னாள். "எம்பட பேரு வெளிய வராதுல்லீங்க?" என்று கேட்டாள். வராது என்றார்கள்.

மறுநாளே வெள்ளை ஜீப் வந்து நின்றது. ஃபுட் சேஃப்டிக்காரர்கள் ஃப்ரீசரைத் திறந்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு மொத்தக் கோழியையும் வெளியே எடுத்துக் கொட்டி, ஃபினாயில் ஊற்றினார்கள். ஃப்ரீசரைச் சரிசெய்து சுத்தம் பண்ணும்வரை திறக்கக் கூடாது என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். எல்லாம் முடிந்து ஓட்டல் திறந்த அன்று பூபதிராஜா லிஜியைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கத்தினான்.

"இந்தக் கோழிய வெக்க மாட்டேன், கொட்டிருங்கன்னு எங்கிட்ட மல்லுக்கு நின்னவ நீ! வெச்சாத்தான் வேலைன்னு நாஞ் சொன்னதுக்கு இப்புடிப் பழி வாங்கிட்டியா? உன்னைய உட்டா வேற எவ போன் பண்ணியிருப்பா? தொப்பியக் கழட்டி வெச்சுட்டு நடையக் கட்டு!"

"சத்தியமா நான் ஃபோன் பண்ணல்ல சேட்டா" என்றாள் லிஜி. அவன் காதில் வாங்கவில்லை. அவள் தன் கத்திகளைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

யோகப்பிரியா பின்கட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அப்படியானால் லிஜி முதலிலேயே மறுத்திருக்கிறாள். தானாக அந்தக் கோழியைத் தொடவில்லை. இது தெரிந்தும் யோகப்பிரியா வாய் திறக்கவில்லை. திறந்தால் அடுத்து நடையைக் கட்டுவது இவள்தான், வீட்டில் அடுப்பெரியாது. அன்று சாயந்திரமே, "அம்மிணி, கொழம்பு, ரசத்த வெச்சு முடிச்சுட்டு இனி நீயே முன்னாடி நின்னுக்க. சம்பளமும் கூடப் போட்டுத் தாரேன்" என்று பூபதிராஜா அவளைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தினான். ஆசைப்பட்டது அத்தனையும் கைக்கு வந்துவிட்டது.

ஆனால் காற்றாட நின்ற சுகம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. சாப்பிட வருகிறவர்கள் எல்லாம் லிஜியைப் பற்றியே பேசினார்கள். "அந்தப் பொண்ணு வேலையே போனாலுஞ் செரீன்னு போன் பண்ணியிருக்குதப்பா! என்ன நெஞ்சழுத்தம்!" என்று ஒருவர் சொல்ல, நாலு பேர் தலையாட்டினார்கள். ஊர் வாட்ஸ்அப் குழுவில் லிஜியின் படத்தைப் போட்டு, சுற்றிலும் பூ வைத்து, துணிச்சல் பெண் என்று எழுதியிருந்தார்கள்.

யோகப்பிரியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஃபோன் செய்தது இவள். சந்தில் நின்று நடுங்கியது இவள். பூ அவளுக்கா? குழம்பு வைத்ததற்குத்தான் பேர் கிடைக்கவில்லை, வாழ்க்கையில் ஒரே ஒரு நல்ல காரியம் செய்ததற்கும் பேர் கிடைக்கக் கூடாதா? நல்ல எண்ணத்தோடு செய்யவில்லை என்பது அவளுக்கு அந்த நேரத்தில் மறந்தே போய்விட்டது.

குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டத்தில் லிஜிக்குப் பொன்னாடை போர்த்துவது என்று தலைவி மருதாத்தாள் முடிவு செய்தாள். யோகப்பிரியாவும் அந்தக் குழுவில் இருப்பவள். போகாமல் இருக்க முடியவில்லை. போன இடத்தில் மருதாத்தாள் மைக்கைப் பிடித்தாள். "கூட வேலை செஞ்சவங்க கையால போத்துனாத்தான் அழகு. யோகா, இங்க வா கண்ணு!"

யோகப்பிரியா எழுந்து போனாள். தனக்கு வரவேண்டிய பொன்னாடையைத் தன் கையாலேயே இன்னொருத்திக்குப் போர்த்தினாள். கை நடுங்கியது. பாசத்தில் நடுங்குகிறது என்று முன்வரிசையில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

லிஜி மைக்கில், "எல்லாரும் மன்னிக்கணும். ஃபோன் பண்ணினது நான் இல்ல" என்றாள்.

"பாருங்க, எவ்வளவு தன்னடக்கம்!" என்றாள் மருதாத்தாள். முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். யோகப்பிரியாவும் தட்ட வேண்டியிருந்தது.

கூட்டம் முடிந்ததும் லிஜி அவளிடம் வந்தாள். முகம் வாடியிருந்தது. "இந்தச் சால்வைய வெச்சு நான் என்ன செய்யுறது அக்கா? காட்டிக் கொடுக்குறவள்னு எந்த ஓட்டல்லயும் வேலை தர மாட்டேங்குறாங்க. அம்மாவுக்கு மருந்து வாங்கணும். வேலைய விட்டு அனுப்பினதுக்குப் புகார் கொடுத்திருக்கேன், திங்கக்கிழமை சித்தூர் லேபர் ஆபீஸ்ல விசாரணை இருக்கு. என்ன ஆகுதுன்னு பாக்கணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை யோகப்பிரியா எதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. சோறு குழைந்தது. ஆறுச்சாமி காரணம் கேட்டதற்கு எரிந்து விழுந்தாள். திங்கட்கிழமை காலையில் ஓட்டலுக்குப் போகாமல் சித்தூர் பஸ்ஸில் ஏறினாள். மனசாட்சி உறுத்தியதால் போனாள் என்று இப்போது ஊரில் சொல்கிறார்கள். அதுவும் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் பஸ்ஸில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

லேபர் ஆபீசில் பூபதிராஜா ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தான். "என்ரகிட்டச் சம்பளம் வாங்கிட்டு என்னையவே காட்டிக் குடுத்தவள எப்புடீங்க மேடம் வெச்சிருக்கறது?" அதிகாரி நடுவயதுப் பெண்மணி. மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிறவர். பதில் சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் யோகப்பிரியா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அவ காட்டிக் குடுக்கலீங்க. போன் பண்ணுனது நானு!"

அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூபதிராஜா சிரித்தே விட்டான். "கூட வேலை செஞ்ச பாசமுங்க மேடம். புள்ளையக் காப்பாத்தறதுக்குப் பழியத் தம்மேல போட்டுக்கறா. எங்க அம்மிணிக்கு எளகின மனசு."

"ஆமா, யோகாக்கா அப்படித்தான்" என்று லிஜியும் கண் கலங்கினாள்.

யோகப்பிரியாவுக்கு வந்ததே கோபம். இங்கேயும் நம்பமாட்டார்களா?

"பாசமா? எனக்கா? இவளக் கண்டாலே எனக்கு ஆகாதுங்க! இவ தொப்பியும், இவ ஃபேனும், இவ சிரிப்பும்! நான் இத்தன வருசமாப் பொகையில வேகறேன், ஒரு நாயும் எம்பட பேரக் கேட்டதில்ல. இவதான் நாத்தக் கோழிய வெக்கறான்னு நெனச்சு, மாட்டட்டும்னுதானுங்க போன் பண்ணுனேன். மொதலாளி சொல்லித்தான் வெச்சான்னு எனக்கு அப்பத் தெரியாது. சிலிண்டர் சந்துல நின்னு பேசுனேன். பேரு வெளிய வருமான்னுகூடக் கேட்டேனுங்க!"

மூச்சு வாங்கியது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அத்தனை பொறாமையை ஒருத்தி பொய்யாகச் சொல்ல முடியாது என்று எல்லாருக்கும் தெரிந்தது. லிஜி தலையைக் குனிந்துகொண்டாள்.

பூபதிராஜாவின் முகம் சிவந்தது. "அப்ப நீயும் வரவேண்டாம். ரெண்டு பேரும் ஒண்ணாப் போய்ச் சேருங்க."

அதிகாரி கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். யோகப்பிரியாவிடம், "கோழி கெட்டுப்போயிருந்துதா?" என்று கேட்டார்.

"கெட்டுத்தானுங்க இருந்துச்சு."

"அது மட்டும்தான் எனக்கு வேணும். என்ன மனசோட சொன்னீங்கங்கிறது உங்க வீட்டு விஷயம்." பூபதிராஜாவைப் பார்த்தார். "ஓட்டல்ல நடக்குற தப்பைச் சொன்னது ஒரு ஆளை வேலையிலிருந்து எடுக்குறதுக்கு ஒரு காரணமே இல்ல. நியாயமான காரணம் இல்லாம, நோட்டீசும் கொடுக்காம, வாயால போன்னு சொல்லி யாரையும் அனுப்ப முடியாது. சொன்னவங்களையும் முடியாது, சொன்னதா நீங்க நினைச்சவங்களையும் முடியாது. கேசை மேல கொண்டு போறீங்களா, இவங்க ரெண்டு பேரையும் நாளைக்கு வேலைக்கு எடுக்கறீங்களா?"

பூபதிராஜா எடுத்துக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டான்.

இருவரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். பஸ் வந்தபோது லிஜி கேட்டாள். "என்னைப் பிடிக்காதுன்னா அப்புறம் ஏன் அக்கா வந்தீங்க?"

"நான் பண்ணுன காரியத்துக்கு நீ எதுக்குப் பேரு வாங்கோணும்?" என்று சொல்லிவிட்டு யோகப்பிரியா முன்வாசல் வழியாக ஏறினாள். லிஜி பின்வாசல் வழியாக ஏறினாள்.

மறுநாள் பூபதிராஜா தன் புத்தியைக் காட்டினான். வேலையை விட்டு எடுக்க முடியாதே தவிர, வேலையை மாற்றலாம் அல்லவா? லிஜியைப் பழைய இடத்தில் நிறுத்தினான். யோகப்பிரியாவைப் பின்னால் கொண்டுபோய் எச்சில் தட்டு கழுவப் போட்டான். குழம்புக் கரண்டியை வேறு ஒருவனிடம் கொடுத்தான். அவள் சேலையைச் செருகிக்கொண்டு தொட்டி ஓரம் உட்கார்ந்தாள். சொல்லப்போனால் அழுதாள். தண்ணீர் தெறிக்கிற இடத்தில் அது யாருக்கும் தெரியவில்லை.

மத்தியானக் கூட்டம் வந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் அடுப்பு எரியவில்லை. லிஜி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ரசம் வெக்கிற யோகாக்கா சமையலுக்கு வந்தாத்தான் நான் அடுப்பு பத்த வெப்பேன்" என்றாள். சத்தம் போடாமல், எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். சாப்பிட உட்கார்ந்தவர்கள் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்கள். "ரசம் அந்தம்மா வெக்கறதுதானா? அப்ப அந்தம்மாவக் கூப்புடுங்க" என்றார் ஒரு லாரிக்காரர். பூபதிராஜா பின்கட்டுக்கு வந்து, யோகப்பிரியாவின் முகத்தைப் பார்க்காமல், போய்க் குழம்பைப் பார் என்று முனகினான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். லிஜியைப் பார்த்தாள். இதுவரை அவளுக்கு எத்தனையோ விதமாகப் பொறாமை வந்திருக்கிறது. இப்போது வந்தது அது எல்லாவற்றையும்விடப் பெரியது. தொப்பியையும் ஃபேனையும் எப்படியாவது வாங்கிவிடலாம். தன்னை மாட்டிவிடப் பார்த்தவளுக்காக அடுப்பைப் பற்றவைக்காமல் நிற்கிற இந்த மனசை எங்கே போய் வாங்குவது? நெஞ்சு காந்தியது. கண்ணும் நிறைந்தது.

லிஜியின் பக்கத்தில் போய், பல்லைக் கடித்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்.

"இன்னொரு நாளைக்கு அவன் உன்னையத் தட்டுக் கழுவப் போடுவான். அன்னைக்கு அடுப்ப அணைக்கறது நானு. நீ குறுக்க வரக் கூடாது, ஆமா."